டாக்டரிடம் மறைக்க வேண்டாம்



புற்றுநோய் என்று தெரிந்ததும் வீடே கலங்கிப் போகிறது. வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். கோதுமைப்புல் சாறு நல்லது என்கிறார் ஒருவர். சீந்தில் கொடிக் கஷாயம் நல்லது என்கிறார் இன்னொருவர். சீந்திலை வடநாட்டில் கிலோய் என்பார்கள். ஊர் மாறும், பெயர் மாறும், பழக்கம் ஒன்றுதான். ஆஸ்பத்திரி மருந்தும் நடக்கும். வீட்டில் கஷாயமும் நடக்கும். ஆனால் பலரும் இதை டாக்டரிடம் சொல்வதில்லை.

ஏன்? டாக்டர் திட்டுவார் என்ற பயம். "பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்ற எண்ணம்.

பச்சிலைக்குச் சக்தி உண்டு. நித்தியகல்யாணிச் செடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாகவும் ரோஸ் நிறத்திலும் பூக்கும். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற மருந்து கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதை ஊசியாகப் போடுகிறார்கள். அளவு கூடினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சக்தி உள்ள பொருளுக்கு அளவு முக்கியம்.

மருந்து உடம்புக்குள் போனதும் என்ன நடக்கிறது? பல மருந்துகளைக் கல்லீரல்தான் பக்குவப்படுத்தி வெளியேற்றுகிறது. கல்லீரல் ஏரியின் மதகு மாதிரி. மதகை அதிகம் திறந்தால் தண்ணீர் வீணாக ஓடிவிடும். அடைத்தால் கரை உடையும். சில மூலிகைகள் இந்த மதகைத் திறந்துவிடும். அப்போது மருந்து வேலை செய்யாமலே வெளியேறும். சில மூலிகைகள் அடைத்துவிடும். அப்போது மருந்து உடம்பில் தேங்கி விஷமாகும்.

மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் என்ற மாத்திரை உண்டு. பல பெண்கள் இதை 5 வருடம், 10 வருடம் சாப்பிடுகிறார்கள். கல்லீரல் அதை மாற்றினால்தான் அதற்கு முழு பலன். மஞ்சள் சத்து மாத்திரையையும் மிளகுச் சத்தையும் இதோடு சேர்த்துக் கொடுத்து நெதர்லாந்து நாட்டில் சோதித்தார்கள். ரத்தத்தில் அந்தப் பலன் தரும் பொருள் குறைந்தது. இது 2019-ல் வெளிவந்தது.

அப்படியானால் ரசத்தில் மஞ்சளும் மிளகும் போடக் கூடாதா? போடலாம். சமையலில் சேர்ப்பது சிட்டிகை அளவு. மாத்திரையில் இருப்பது அதைப் போலப் பல மடங்கு.

சில பஸ்பம், செந்தூரங்களில் பாதரசமோ ஈயமோ இருக்கும். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் சிறுநீரகத்துக்குக் கடினமானது. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்குமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருவர் மறைவாகக் கஷாயம் குடிக்கிறார். அதனால் அவருக்கு மஞ்சள் காமாலை வருகிறது. விஷயம் தெரியாத டாக்டர் என்ன நினைப்பார்? ஆஸ்பத்திரி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார். நோயைக் குணப்படுத்தும் நல்ல மருந்தை நிறுத்திவிடுவார். நஷ்டம் யாருக்கு?

எனவே இவற்றைச் செய்யுங்கள்.

சாப்பிடுகிற பொடி, லேகியம், கஷாயம், சத்து மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இப்போதுதான் எழுதக் கற்றிருக்கிறீர்களே! டப்பா இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

சித்த வைத்தியரிடமும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். சில பொருள்கள் ரத்தம் உறையாமல் செய்யும்.

பெயர் தெரியாத பொடியைத் தொடாதீர்கள்.

யார் சொன்னாலும் ஆஸ்பத்திரி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டாக்டர்களும் கோபிக்காமல் கேட்க வேண்டும். "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று அவர்களே கேட்டால் பாதி பயம் போய்விடும். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். உயிர் உங்களுடையது.