வராதவர் வீட்டுக் கதவு

(குற்றாலத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



திருச்சபை சிறு குழுக்கள் மூலம் தன் மக்களை எப்படி விசாரிக்கிறது என்று பேசச் சொன்னார்கள். பிரசங்கம் பண்ண மாட்டேன், பயப்படாதீங்க. நான் என்ஜினீயர். எந்தத் தூண் எவ்வளவு தாங்கும் என்றுதான் பார்க்கத் தெரியும்.

தென்காசிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சபை. ஞாயிறு ஆராதனைக்குக் கோயில் நிறைந்துவிடும். தனியாக இருந்த ஒரு பெரியவர் மூன்று வாரம் வரவில்லை. சென்னைக்கு, மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். அவரோ இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். பால் ஊற்றுகிற பையனுக்குத் தெரிந்தது, சபைக்குத் தெரியவில்லை. ஐயரவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? அத்தனை குடும்பத்தையும் ஒருத்தர் எப்படிச் சுற்றி வருவார்?

நெல்லைச் சீமைக்கு இது புதிய பிரச்சினை அல்ல. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், தாம் ஒருவரே எல்லா ஊருக்கும் போக முடியாது என்று கண்டு, ஊர்களில் உபதேசியார்களை வைத்தார். ஜெபம் நடத்தினால் மட்டும் போதாது. எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் சண்டை என்பதும் உபதேசியாருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1742-இல் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியின் கூட்டத்தார், ஜெபவீடு கட்டிய கடனை அடைக்க வழி தேடினார்கள். கேப்டன் ஃபாய் என்பவர் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. பன்னிரண்டு பேருக்கு ஒரு வசூல்காரர். கொடுக்க முடியாதவர் பங்கை வசூல்காரரே போட்டுவிட வேண்டும். வீடு வீடாகப் போனபோதுதான் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பது வெளிச்சமானது. கடன் வசூல், ஆத்தும விசாரிப்பாக மாறிவிட்டது!

வாரம் ஒருநாள் கூடி, இரண்டு பாட்டுப் பாடி, சுண்டல் சாப்பிட்டுக் கலைவதை நான் குழு என்று சொல்ல மாட்டேன். வராதவர் வீட்டுக் கதவை அன்றைக்கு ராத்திரியே போய்த் தட்டுவது யார் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

தெருவாரியாகப் பிரிப்பதும் எப்போதும் சரிப்படாது. நம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நாலைந்து பேர் ஒரே திண்ணையில் உட்காருகிறார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யாரால் வட்டி கட்ட முடியவில்லை என்பதெல்லாம் அங்கே தானாக வந்துவிடும். ஐயரம்மா போய்க் கூட உட்கார்ந்தால் போதும், புதுக் குழு எதற்கு? தென்கொரியாவின் சோல் நகரில் போதகர் யோங்கி சோ 1964-இல் வேலைப் பளுவால் மயங்கி விழுந்தார். அதன் பிறகு வீட்டுக் குழுக்களை நடத்த முன்வந்தவர்களும் பெண்கள்தான்.

ஒரு ஆபத்தும் இருக்கிறது. "ஜெபிச்சுக்கோங்க" என்று சொன்ன சங்கதி மறுநாள் மார்க்கெட்டில் கேட்கும். அதோடு அந்த வீட்டார் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆகவே தலைவரைத் தேடும்போது, நீளமாக ஜெபிக்கிறவரை விட்டுவிட்டு, கேட்டதை வெளியே விடாதவரைப் பிடியுங்கள்.

இந்து, இஸ்லாமிய நண்பர்களும் இங்கே இருக்கிறீர்கள். கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். பொதிகை ரயிலேறிச் சென்னைக்கு வேலை தேடிப் போகிற நம் கல்லூரிப் பிள்ளை அறையில் காய்ச்சலாய்க் கிடந்தால் யாருக்குத் தெரியும்? ஊர்வாரியாகப் பத்துப் பத்துப் பேராகப் பிரிக்க ஒரு நோட்டை வாசல் மேஜையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அருவிக்குப் போகுமுன் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள்.