கசிவும் தேக்கமும்: ஹிரோஷி மயேதாவின் ஆய்வு வாழ்க்கை

புற்றுநோய் மருந்தியலில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் ஒன்று, ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து யசுஹிரோ மட்சுமுராவும் ஹிரோஷி மயேதாவும் 1986-இல் வெளியிட்டது. கட்டி அவசரமாக வளர்வதால் அதன் ரத்தக் குழாய்ச் சுவரில் இடைவெளிகள் விழுகின்றன. சிறு மூலக்கூறுகள் புகுந்த வேகத்திலேயே வெளியேறிவிடும். பெரியவையோ கசிந்து உள்ளே போனபின், வடித்துச் செல்லும் நிணநீர்ப் பாதை அங்கே செம்மையாக இல்லாததால் தங்கிவிடும். கட்டியுள்ள சுண்டெலிகளின் ரத்தத்தில் ஈவான்ஸ் ப்ளூ சாயத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆல்புமினோடு ஒட்டிக்கொண்ட அந்தச் சாயம் ஏற ஏறக் கட்டி நீலம் பாரித்தது. பக்கத்துத் தசையில் அந்த நிறம் ஏறவில்லை. நானோ மருந்து ஆய்வில் பெரும்பகுதி இந்தக் கோட்பாட்டின் மேல்தான் எழும்பியது. இன்று அது ஆட்டம் காண்கிறது. ஆனால், மயேதா எழுதிய கோட்பாட்டைத் துறை வாரி அணைத்துக்கொண்டு, அவர் செய்துகாட்டிய மருத்துவத்தைப் பாதியில் விட்டுவிட்டது என்பதே என் வாதம்.

அந்த மருத்துவம் எப்படிப்பட்டது? டோஹோகு பல்கலைக்கழகத்தில் நகாவோ இஷிதாவின் குழு 1960-களில் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்த புரதம் நியோகார்சினோஸ்டாட்டின். கடும் நஞ்சு, ஆனால் உடலில் நிற்காது, சிறுநீரகம் விரைவில் வெளியேற்றிவிடும். அதோடு ஸ்டைரீன் மாலெயிக் அமில பாலிமரை இணைத்து, ஸ்மாங்ஸ் என்ற மருந்தை மயேதா உருவாக்கினார். அது ஆல்புமினோடு ஒட்டி ரத்தத்தில் நெடுநேரம் உலவியது. அதைவிட முக்கியம், எண்ணெயோடு கலக்கும் குணம் அதற்கு வந்தது. அறுவை மருத்துவர் கொன்னோவுடன் சேர்ந்து அதை லிப்பியோடாலில், அதாவது அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெயில் கலந்தார். கல்லீரல் கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்கிறது. நல்ல கல்லீரலுக்கோ பெரும்பகுதி ரத்தம் போர்ட்டல் சிரை வழியே வருகிறது. ஆகவே வடிகுழாயைக் கல்லீரல் தமனி வரை கொண்டுபோய் மருந்தை அங்கேயே விட்டார்கள். எண்ணெய் கட்டிக்குள் தேங்கியது. அயோடின் இருப்பதால் மருந்து சேர்ந்த இடம் சி.டி. படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. மருத்துவர் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. 1990-களின் முற்பகுதியில் ஜப்பான் இதற்கு அனுமதி தந்தது.

கோட்பாடே பிழையென்றால் இந்தப் பெருமை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. டொரண்டோவில் வாரன் சானின் குழு, பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் சொன்ன கணக்கு இது: செலுத்திய நானோ துகளில் கட்டியைச் சேர்வது, இடைநிலை அளவாக, 0.7 சதவீதம். அதே குழு 2020-இல், துகள்கள் மிகப்பெரும்பாலும் இடைவெளி வழியே கசியவில்லை, குழாய்ச் சுவரின் செல்களே அவற்றைக் கடத்துகின்றன என்றது. இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் இவை முக்கியமாக எலிக் கணக்குகள். மனிதரிடம் பார்த்தால் சித்திரம் இன்னும் சிக்கலாகிறது. லண்டனில் 2001-இல் வெளியான ஆய்வில், கதிரியக்கக் குறியிட்ட லிப்போசோம்கள், அதாவது கொழுப்பு நுண்குமிழ்கள், தலை, கழுத்துக் கட்டிகளில் நன்றாகச் சேர்ந்தன. மார்பகக் கட்டிகளிலோ சராசரியாக அதில் ஆறில் ஒரு பங்குதான். கசிவு இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி அது மாறுகிறது. லிப்போசோமில் அடைத்த டாக்சோரூபிசினாக 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் மருந்தின் கதையும் இதோடு பொருந்துகிறது. மார்பகப் புற்றில் அது வழக்கமான டாக்சோரூபிசினுக்கு இணையாகத்தான் வேலை செய்தது, ஆனால் இதயத்தைக் கெடுப்பது வெகுவாகக் குறைந்தது. நோயாளிக்கு அது பெரிய லாபமே. எனினும் கட்டிக்குள் மருந்து குவிந்ததற்கு அது சான்றாகாது.

உடலெங்கும் பரவிய நோய்க்கு எத்தனை தமனிகளில் வடிகுழாய் போடுவது என்பது இன்னும் வலுவான மறுப்பு. அங்கே ஸ்மாங்ஸ் வழி செல்லாது. மயேதாவுக்கும் அது தெரியும். ஆஞ்சியோடென்சினால் ரத்த அழுத்தத்தை ஏற்றியும், இதய நோயாளிகளுக்குப் பழக்கமான நைட்ரோகிளிசரினால் குழாயை விரித்தும் கசிவைக் கூட்டப் பார்த்தார். தானாகக் கிடைக்கும் கசிவு போதாது என்று அவரே கருதியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவர் முறையிலிருந்து எங்கும் எடுத்துச் செல்லக்கூடியது வடிகுழாயன்று, அந்த சி.டி. படம். ஃபெருமாக்சிடால் என்ற இரும்புத் துகளை முதலில் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்த ஒரு சிறு ஆய்வு 2017-இல் வந்தது. துகள் அதிகம் சேர்ந்த கட்டிகளே லிப்போசோமில் அடைத்த இரினோடெக்கான் மருந்துக்கு அதிகம் சுருங்கின. கட்டியில் ஹெர்2 புரதம் உண்டா என்று சோதிக்காமல், அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைக் கொடுப்பதை எந்தப் புற்றுநோய் மருத்துவரும் ஒப்பமாட்டார். நானோ மருந்துச் சோதனைகளிலோ, இந்த நோயாளியின் கட்டிக்குள் மருந்து போகுமா என்று பாராமலேயே பெரும்பாலும் ஆள் சேர்க்கிறார்கள்.