தேவாலயத்தின் தலைமேல் ஏறிய பாரம்



இத்தாலியின் நடுப்பகுதியில் மலைச்சரிவில் இருக்கும் சிற்றூர் அசிசி. புனித பிரான்சிஸ் பிறந்த ஊர். அவருடைய கல்லறைக்காக 1228-இல் கட்டத் தொடங்கிய பேராலயம், எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ நிலநடுக்கங்களைப் பார்த்துவிட்டது. 1997 செப்டம்பர் 26 அன்று அதிகாலை இரண்டரை மணி வாக்கில் மறுபடி பூமி ஆடியது. விடிந்ததும், என்ன சேதம் என்று பார்க்க மடத்தைச் சேர்ந்தவர்களும் கலைப் பாதுகாப்பு அலுவலர்களும் உள்ளே போனார்கள். பகல் பன்னிரண்டு ஆகுமுன் இன்னொரு அதிர்வு, முதலாவதைவிடப் பெரியது. ஓவியங்கள் தீட்டிய வளைகூரை இரண்டு இடங்களில் பிய்த்துக்கொண்டு விழுந்தது. மடத்தைச் சேர்ந்த இருவர், அலுவலர்கள் இருவர், ஆக நான்கு பேர் இறந்தார்கள். ஆபத்தை அளக்கப் போனவர்களே அதில் சிக்கினார்கள்.

பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "இத்தனை காலம் நின்றதே, இனி என்ன ஆகிவிடும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1228-இல் கட்டத் தொடங்கிய கட்டடமும் 1997-இல் நின்ற கட்டடமும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

அசிசியில் நடந்ததை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜியோ க்ரோச்சி என்ற பொறியாளர். அவர் கண்டது இது. உள்ளிருந்து அண்ணாந்தால் தெரியும் வளைகூரைக்கும், மழையைத் தாங்கும் வெளிக்கூரைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில், வளைகூரை சுவரோடு சேரும் பள்ளங்களில், உடைந்த ஓடு, கல், காரை, தூசி எல்லாம் குவிந்து கிடந்தன. நூற்றாண்டுக்கணக்கில் கூரையைப் பழுது பார்த்தவர்கள் விட்டுப்போன குப்பை. அவ்வளவு உயரத்திலிருந்து அதைக் கீழே இறக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஒன்றோடொன்று ஒட்டாத அந்தக் குவியல், ஒவ்வொரு நடுக்கத்திலும் கொஞ்சம் சரிந்து, கொஞ்சம் நெருக்கி, வளைவின் வடிவத்தையே மெல்ல மாற்றிவிட்டது. வளைவின் பலம் அதன் வடிவத்தில்தான் இருக்கிறது. அது கெட்ட பிறகு கல் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

சிசிலியில் நோட்டோ என்ற ஊரின் பேராலயம் இன்னொரு பாடம். 1693 நிலநடுக்கத்தில் பழைய ஊர் அழிந்து, வேறிடத்தில் புதிதாக எழுந்த ஊர் அது. 1990 டிசம்பரில் வந்த நிலநடுக்கத்தில் பேராலயம் விரிசல் விட்டது. அப்போது விழவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1996 மார்ச் 13 இரவில், பூமி அசையாமலேயே குவிமாடமும் கூரையின் பெரும்பகுதியும் சரிந்தன. ஆள் இல்லாத நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. காரணம் தூண்களில் இருந்தது: வெளிப்புறம் செதுக்கிய கல், உள்ளே உருண்டைக் கல்லும் சில்லும். போதாததற்கு இருபதாம் நூற்றாண்டில் மேலே கான்கிரீட் கூரை வேறு ஏற்றியிருந்தார்கள். பலப்படுத்துவதாக நினைத்து ஏற்றிய பாரம்! என்னைக் கேட்டால், பழைய கட்டடத்துக்கு வயதைவிட, பாதி தெரிந்துகொண்டு செய்யும் பழுதுபார்ப்பே பெரிய பகை.

சரி, விழுவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? தேவாலயம் வீட்டைப் போன்ற பெட்டி இல்லை. நடுவே தளம் கிடையாது, குறுக்குச் சுவர் குறைவு. நீண்ட உயரமான சுவர்கள், தனியே நிமிர்ந்து நிற்கும் முகப்பு, ஓரத்தில் மணிக்கூண்டு. 1976-இல் இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் வந்த நிலநடுக்கத்துக்குப் பின் இடிபாடுகளைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தேவாலயங்கள் பகுதி பகுதியாகவே உடைகின்றன, அதுவும் ஊருக்கு ஊர் ஒரே விதமாக. முகப்பு வெளிப்பக்கம் சாய்கிறது. பலிபீடத்துக்கு முன்னுள்ள பெரிய வளைவு நடுவில் பிளக்கிறது. மணிக்கூண்டின் உச்சி முறுக்கிக்கொள்கிறது. இப்படி 28 விதங்களைப் பட்டியலிட்ட ஒரு படிவம் இன்று இத்தாலியில் பயன்படுகிறது. ஒவ்வொரு விதத்துக்கும் இரண்டு கேள்விகள்: இப்படி உடைய இடம் கொடுப்பது எது, தடுப்பது எது?

கணக்கு சில இடங்களில் வியப்பூட்டும் அளவுக்கு எளிது. எதனோடும் கட்டப்படாத ஒரு சுவர் 10 மீட்டர் உயரம், 1 மீட்டர் தடிமன் என்று வையுங்கள். ஒன்றைப் பத்தால் வகுத்தால் பத்தில் ஒரு பங்கு. புவியீர்ப்பில் அந்தப் பங்கு அளவு பக்கவாட்டு முடுக்கம் வந்தாலே சுவரின் அடி ஒரு பக்கம் மேலெழத் தொடங்கும். இத்தாலியின் மலைப்பகுதிகளில் வரும் நிலநடுக்கங்கள் அந்த அளவை எட்டக்கூடியவைதான். அதே சுவரைப் பக்கச் சுவர்களோடு இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டினால் கதையே வேறு. இத்தாலியத் தேவாலயங்களில் வளைவுக்கு வளைவு குறுக்கே ஓடும் இரும்புக் கம்பிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அழகைக் கெடுக்கின்றன என்று சிலருக்கு எரிச்சல். அந்தக் கம்பி இன்னும் இழுவிசையோடு இருக்கிறதா, தொய்ந்துவிட்டதா என்பதை, அதைத் தட்டி அதிர்வை அளந்தே சொல்லிவிடுகிறார்கள். வீணைத் தந்திக்குச் சுருதி பார்ப்பதும் இதுவும் ஒரே இயற்பியல்தான்.

சுவருக்குள் துளையிட்டுச் சிறு கேமராவை விட்டு உள்ளே நிறைகல்லா, வெறும் சில்லா என்று பார்க்கிறார்கள். பழைய கணக்கேடுகளைப் புரட்டி, எந்த நிலநடுக்கத்துக்குப் பின் எதைக் கட்டினார்கள் என்று தேடுகிறார்கள். இந்தக் கடைசி வேலைக்குக் கருவி வேண்டாம், பொறுமைதான் வேண்டும். அதனாலேயே பலர் அதைத் தவிர்க்கிறார்கள்.

அசிசியில் கூரைமேல் இருந்த குவியலை அகற்றி, வளைவுகளின் முதுகில் செயற்கை இழையால் விலா எலும்பு போன்ற பட்டைகள் அமைத்து, 1999 நவம்பரில் பேராலயத்தைத் திறந்தார்கள். சிதறிய ஓவியத் துணுக்குகளை ஒட்டும் வேலை அதன் பிறகும் நீண்டது.

ஆனால் எந்த ஆய்வும் அதைச் செய்த நேரத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். 2016 ஆகஸ்ட் 24-இல் வந்த நிலநடுக்கத்தில் நோர்சியா ஊரின் புனித பெனடிக்ட் பேராலயம் சேதமடைந்தது, ஆனால் நின்றது. அக்டோபர் 26-இல் மீண்டும் அதிர்வு. அக்டோபர் 30, ஞாயிறு காலை 7.40-க்கு வந்ததில் முகப்பு நின்றது, அதன் பின்னால் கூரையும் பக்கச் சுவர்களின் பெரும்பகுதியும் இடிந்து விழுந்தன. முந்தைய அதிர்வுகளுக்குப் பிறகு கட்டடங்களை மூடி, மக்களை வெளியேற்றியிருந்தார்கள். அன்றைய நிலநடுக்கம் இத்தாலியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கண்டிராத வலிமை கொண்டது. இடிபாட்டில் நசுங்கி ஒருவர்கூட இறக்கவில்லை.