தலைகீழ் மரமும் ஒரே முத்திரையும்



வேரை மேலே வைத்துக் கிளைகளைக் கீழே பரப்பும் மரம் ஒன்று கணிப்பொறித் திரையில் உண்டு. பள்ளியின் பெயர் அதன் வேர், வகுப்புகள் கிளைகள், மாணவர் பெயர்கள் இலைகள். கிளையருகே உள்ள சிறு குறியைச் சொடுக்கினால் கிளை விரியும்; மீண்டும் சொடுக்கினால் சுருங்கும். இதனை மரக்காட்சி என்பர். 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா 1.2 பதிப்பில் அமைந்த ஸ்விங் என்னும் கருவித்தொகுதியில் இதன் பெயர் ஜேட்ரீ. அதற்கு நம் விருப்பப்படி ஒப்பனை செய்யும் முறையை இன்று கூற விழைகின்றேன்.

ஜேட்ரீ செய்திகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. எந்தக் கிளைக்கு எத்தனை பிள்ளைகள் என்பதை ட்ரீமாடல் என்னும் பகுதியிடம் கேட்டறிகின்றது. ஒவ்வொரு வரியும் எத்தோற்றம் கொள்ள வேண்டும் என்பதை ரெண்டரர் என்னும் பகுதியிடம் கேட்கின்றது. முன்னது செய்தியைக் காக்கும். பின்னது கோலம் தீட்டும்.

படங்களை மட்டும் மாற்ற விரும்புவோர்க்கு வழி எளிது. விரிந்த கிளைக்கு ஒன்று, சுருங்கிய கிளைக்கு ஒன்று, இலைக்கு ஒன்று என மூன்று படங்களை ஸ்விங் தரும் ரெண்டரரிடமே கொடுத்துவிடலாம். அதற்கு மேலும் வேண்டுவோர் தாமே ரெண்டரர் எழுதுதல் வேண்டும்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். பதினாயிரம் பெயர்கள் இருப்பினும் அவற்றை வரையப் பதினாயிரம் சீட்டுகள் உருவாவதில்லை. அஞ்சலகத்தார் ஒரே முத்திரையைக் கடிதந்தோறும் பதிப்பதுபோல, ஒரே சீட்டே வரிதோறும் பதிக்கப்படுகின்றது. நினைவகம் மிச்சமாகும் என்பதே காரணம். ஆனால், தேதியை மாற்ற மறந்த முத்திரை அன்றைய கடிதங்கள் அனைத்திலும் பழைய தேதியையே பதிக்குமன்றோ?

தேர்ச்சி பெறாதவர் பெயரைச் சிவப்பில் காட்ட ஒருவர் ரெண்டரர் எழுதுகிறார் என்று கொள்ளுங்கள். "தேர்ச்சி இல்லையெனில் சிவப்பு" என்பதோடு நிறுத்திவிடுகிறார். சிவப்புப் பெயர் ஒன்று வரையப்பட்டதும் அதனையடுத்த பெயர்களெல்லாம் சிவக்கின்றன. மறுமுறை வரையும்போது பள்ளியின் பெயருங்கூடச் சிவக்கின்றது. ட்ரீமாடலில் மதிப்பெண் சரியாகவே இருக்கின்றது. எனினும், தேர்ச்சி பெற்ற பிள்ளையின் தந்தை காண்பது திரையைத்தானே!

"இல்லையேல் கறுப்பு" என்னும் ஒரு வரி இக்குறையைப் போக்கிவிடும். நிறம், எழுத்துரு, படம் ஆகியவற்றுள் நீங்கள் மாற்றுவது எதுவாயினும், அதனை ஒவ்வொரு வரிக்கும் புதிதாக நிறுவுங்கள். அண்ணன் பெற்ற பெயரைத் தம்பிமேல் ஏற்றாதிருத்தல் ஆசிரியர்க்கு அறம். திரையில் பெயர்களை எழுதப்போகும் உங்களுக்கும் அதுவே அறமாகும்.