கிரைண்டருக்கு ஒரு ஜோடி பிரஷ்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் உளிச் சத்தத்தோடு கிரைண்டர் சத்தமும் கேட்கும். 2017-ல் புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பங்கள் உருவாகும் இடம் அது. மலிவு விலைக் கிரைண்டரில் முதலில் தேய்வது பெரும்பாலும் கார்பன் பிரஷ்தான்; கருங்கல் தூசி வேறு! உள்ளே பொறி அதிகமாகப் பறந்தாலோ, மெஷின் விட்டுவிட்டு ஓடினாலோ பிரஷைக் கழற்றிப் பாருங்கள். பெயர் தெரியாத கம்பெனியா? பழைய பிரஷையே செங்கல்பட்டு உதிரிபாகக் கடைக்கு எடுத்துப்போங்கள். நீளம் தேய்ந்திருக்கும்; அகலம், கனம், ஸ்பிரிங், முனை பொருந்தினால் போதும். மயிரிழை பெரிதாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளலாம். மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் எரிந்தால் கதை வேறு: காயில் கட்டும் கூலிக்கு மேலே கொஞ்சம் போட்டால் புது மெஷினே வந்துவிடும். பிரஷை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகு.