கடற்காற்று மின்சாரமும் கிராமசபையின் கடமையும்

(ஊராட்சி அங்கத்தினர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாஞ்சில் நாட்டாருக்குக் காற்று புதிதன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து வீசும் தென்மேற்குக் காற்றைக் கொண்டு, முப்பந்தல் பக்கத்தில் மின்சாரம் எடுப்பதை நாம் நெடுநாளாகக் கண்டு வருகிறோம். அதே காற்றைக் கடல் நடுவிலேயே பிடிக்க வேண்டும் என்ற யோசனை இப்பொழுது எழுந்திருக்கிறது. மலையும் மரமும் மறிக்காத கடலில் காற்று வலுவாகவும் சீராகவும் வீசும் என்பதே இதற்குக் காரணம். இவ்வகை நிலையங்களில் உலகிலேயே முதலாவது, 1991ஆம் ஆண்டில் டென்மார்க்கில் விண்டெபி என்னும் இடத்தில் 11 காற்றாலைகளோடு அமைந்தது.

நம் நாட்டில் இதற்கான தேசியக் கொள்கை 2015ஆம் ஆண்டு வெளியாயிற்று. குஜராத், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலக் கடல்களிலும் எட்டெட்டு மண்டலங்கள் குறிக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இரு மாநிலங்களிலும் 500 மெகாவாட் வீதம் நிறுவுவதற்கு உதவியாக 7,453 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மின்சாரம் வேண்டாம் என்று நம்மில் எவரும் சொல்லமாட்டோம். ஆனால் கடல் கேட்பாரற்ற தரிசு நிலம் அன்று. கன்னியாகுமரிக்குத் தெற்கே கிடக்கும் வாட்ஜ் கடல்மேடை, மீன்வளம் மிக்க பெரும் பரப்பு. அதன்மீது நம் நாட்டுக்குள்ள உரிமை 1976ஆம் ஆண்டில் இலங்கையோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் உறுதியாயிற்று. சின்னமுட்டம் முதல் நீரோடி வரையுள்ள கடற்கரை ஊர்களுக்குக் கடலே வயல். குளத்து மடையை மாற்றுவதற்கு முன் ஆயக்கட்டுக்காரர்களைக் கூட்டிக் கேட்பது நம் வழக்கம். கடலுக்கும் அவ்வாறே ஆயக்கட்டுக்காரர்கள் உண்டு.

கடலில் நடும் ஒரு தூணைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வட்டம் வகுக்க, கடற்சட்டம் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இடமளிக்கிறது. நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் வலைக்குத் தூணைக் கண்டு ஒதுங்கத் தெரியாது. ஆகவே தூண்கள் எங்கே, எத்தனை, எவ்வளவு இடைவெளியில் என்பவை வலைக்காரனின் பிழைப்பைப் பற்றிய கேள்விகளாகின்றன.

அனுமதி கிடைக்கும் வழியையும் நாம் அறிந்திருக்க வேண்டும். மத்தியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகமும் சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் இதற்குப் பொறுப்பானவை. பாதுகாப்பு, சுற்றுச்சூழல் முதலிய துறைகளின் இசைவும் வேண்டும். 2023ஆம் ஆண்டுக் குத்தகை விதிகளின்படி, அளவீட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் முதலில் 3 ஆண்டுக் குத்தகை. கட்டி நடத்துவதற்குப் பின்னர் 35 ஆண்டுக் குத்தகை. 35 ஆண்டு என்பது ஒரு தலைமுறை அல்லவா?

பெருந்தொழில்களுக்கு, கலெக்டர் தலைமையில் பொது விசாரணை நடத்தும் முறையை 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை வகுத்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் திட்டச் சுருக்கம், வந்தவர் எவரும் கேள்வி கேட்கும் உரிமை, நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்திலேயே படித்துக் காட்டுதல் ஆகியன அதன் அங்கங்கள். ஆனால் அவ்வறிவிக்கை வெளியானபோது அதன் அட்டவணையில் காற்றாலை இடம்பெறவில்லை. எனவே விசாரணை தானாகவே நம் வாசலுக்கு வரும் என்று எண்ணி வாளாவிருப்பது தகாது. அளவீட்டுக் காலத்திலேயே நாம் கேட்டுப் பெற வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை போட முடியுமா?

கேட்பதால் பயன் உண்டோ என்று சிலர் ஐயுறலாம். கோபன்ஹேகன் நகருக்கு எதிரே மிடல்குருண்டன் என்னும் இடத்தில் முதலில் 27 காற்றாலைகளை மூன்று வரிசையாக நிறுத்தத் திட்டமிட்டார்கள். மக்களின் கருத்தைக் கேட்டபின் அதை மாற்றி, 2000ஆம் ஆண்டில் 20 காற்றாலைகளை ஒரே வளைவாக நிறுவினார்கள். அதில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினர் கொண்ட கூட்டுறவுச் சங்கத்தின் உடைமை. கூட்டுறவை நன்கறிந்த நமக்கு இது எட்டாத செய்தி அன்று.

கிராமசபைத் தீர்மானம் ஒன்றினாலேயே கடற்குத்தகை நின்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் எழுத்தில் உள்ள சொல்லை அதிகாரிகளும் நீதிமன்றங்களும் தள்ளிவிடுவது எளிதன்று. “எதிர்க்கிறோம்” என்றோ “வரவேற்கிறோம்” என்றோ ஒரு வரியில் முடிக்காமல், தீர்மானத்தில் விவரங்களைச் சேர்ப்பது அவசியம்.

முதலாவது, எந்த மாதத்தில், எத்தனை பாகம் ஆழத்தில், எந்த வலையால் என்ன மீன் பிடிக்கிறோம் என்ற குறிப்பு. முதிய மீனவர்கள் கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் அடையாளமாகக் கொண்டு மீன்படும் இடங்களைக் கணித்து வைத்திருக்கிறார்கள். அவற்றை இளைஞர்கள் படத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் முதலிய துறைகளுக்குப் படகுகள் சென்றுவரும் பாதை. மூன்றாவது, நஷ்டஈடு. படகுக்காரருக்கு மட்டுமின்றி, கூலிப் பங்குக்குச் செல்லும் தொழிலாளிக்கும், தலைச்சுமையாக மீன் விற்கும் தாய்மாருக்கும் உரியது யாது என்று கேட்க வேண்டும். நான்காவது, ஆயுள் முடிந்த தூண்களை அகற்றும் பொறுப்பு. விண்டெபி நிலையத்தை 2017ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தார்கள் என்பதை நினைவிற் கொள்வோமாக.

உள்நாட்டு விவசாயிகள் இதைக் கடற்கரைக்காரர் விவகாரம் என்று விட்டுவிடலாகாது. கடலில் விளையும் மின்சாரம் கம்பி வழியே கரையேறித்தான் ஆக வேண்டும். கம்பி எந்த ஊரில் ஏறும், துணைமின்நிலையம் எங்கே அமையும், கோபுரங்கள் எந்த வயலில், எந்தத் தென்னந்தோப்பில் நிற்கும், வாய்க்காலும் குளமும் தடைப்படுமோ என்று இப்பொழுதே வினவுதல் வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் நம் கிராமசபை கூடுகிறது. கடற்கரை ஊரும் வயற்புற ஊரும் கலந்து பேசி, அடுத்து வரும் கூட்டத்திலேயே இக்குறிப்புகளைத் தொகுக்கத் தொடங்குவோமாக. காற்று எல்லாருக்கும் பொது. அதன் பயனும் எல்லாருக்கும் பொதுவாகும்படி செய்வது நம் கடமை.