உத்தரவாத அட்டையும் பயனீட்டாளர் உரிமையும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டுள்ள பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். குளியலறைச் சுவரில் மாட்டப்படும் வெந்நீர் ஹீட்டரைப் பற்றியே பேசப் போகிறோம். ஆயினும் அது பழுதுபடும்போது நம்முடைய பணமும், நேரமும், சில வேளைகளில் உயிருமே சிக்கலுக்குள்ளாகின்றன. ஆகையால் இதனைச் சிறிய செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் நம் கவனத்திற்கு வந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். தோட்டமொன்றில் பால்மரம் வெட்டும் நண்பர் ஒருவர். அவருடைய தாயார் மூட்டுவலியால் வருந்துபவர். விடியற்காலைக் குளிர்நீர் அவருக்கு ஆகாது. மகன் மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பட்டணத்துக் கடையொன்றில் 480 வெள்ளிக்கு ஒரு ஹீட்டர் வாங்கினார். ஓராண்டு உத்தரவாதம் என்று கூறிக் கடைக்காரர் ஓர் அட்டையையும் கொடுத்தார். ஐந்தாம் மாதம், விளக்கு எரிந்தது, தண்ணீர் சூடாகவில்லை.

நண்பர் அதனைக் கழற்றச் செய்து கடைக்குக் கொண்டு சென்றார். "வைத்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். மூன்று வாரம் கழித்துச் சென்றபோது, "அட்டையில் முத்திரை இல்லை, கம்பெனியிடம் நீங்களே கேளுங்கள்" என்றார்கள். மூன்றாம் முறை சென்றபோது, "பழுது சாதனத்தில் இல்லை, உங்கள் தோட்டத்துத் தண்ணீரில்தான்" என்றார்கள். ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு நாள் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் போயின. இறுதியில் அவர் ஹீட்டரைத் திரும்ப எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். பெரட்டுக்குப் புறப்படுமுன் அடுப்பை மூட்டித் தாயாருக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கும் பழைய வேலை மருமகளின் தலையில் மீண்டும் விழுந்தது.

அன்பர்களே, அந்நண்பர் செய்த பிழை என்ன? அவர் சோம்பியிருக்கவில்லை, மூன்று முறை நடந்தார். உத்தரவாத அட்டையைத் தவிரத் தமக்கு வேறு பாதுகாப்பே இல்லையென்று அவர் எண்ணிவிட்டார். அட்டை செல்லாது என்று கடைக்காரர் கூறியதும், தம் உரிமையும் செல்லாது என்று நம்பிவிட்டார். அந்த எண்ணத்தை மாற்றுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. விற்கப்படும் பொருள் தரமுடையதாக இருக்க வேண்டுமென்று அதுவும் கூறுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பை ஓர் ஒப்பந்தத்தின் வாயிலாக விலக்கிவிட இடமிருந்தது. ரசீதில் சிறிய எழுத்தில் இரண்டு வரி அச்சடித்தே விற்பவர் தப்பித்துக் கொள்ளலாம். அதற்கும் மேலாக, நியாயம் கேட்க வேண்டுமாயின் நீதிமன்றம் ஏற வேண்டும். சில நூறு வெள்ளிப் பொருளுக்காக வழக்கறிஞரை அமர்த்துபவர் யார்?

இந்நிலையை மாற்றியது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அது அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வீட்டு உபயோகத்திற்காக நாம் வாங்கும் பொருள்களுக்கு அச்சட்டம் சில உறுதிகளை வழங்குகிறது. அவற்றை எந்த ஒப்பந்தத்தாலும், எந்த ரசீதாலும், எந்த அறிவிப்புப் பலகையாலும் நீக்க முடியாது. அவற்றுள் நமக்கு வேண்டியவற்றைக் காண்போம்.

முதலாவது, பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும். அதாவது, எதற்காக விற்கப்படுகிறதோ அதற்குப் பயன்பட வேண்டும். குறையின்றி, பாதுகாப்பாக, நீடித்து உழைப்பதாக இருக்க வேண்டும். விலை, பொருளின் தன்மை, பெட்டியின்மேல் எழுதப்பட்டவை ஆகியவற்றையும் கருத்திற் கொண்டே தரம் முடிவு செய்யப்படும். ஐந்தே மாதத்தில் தண்ணீரைச் சூடாக்க மறுக்கும் ஹீட்டரை நீடித்து உழைக்கும் பொருளென்று எவரும் கூற மாட்டார். மேலும், உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாளே நம் உரிமை மாய்ந்துவிடுவதில்லை. பதின்மூன்றாம் மாதத்தில் பழுதுபட்டாலும், அந்த விலைக்கு அந்தப் பொருள் மேலும் உழைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் வழி உண்டு.

இரண்டாவது, நாம் எடுத்துரைத்த தேவைக்குப் பொருள் பொருந்த வேண்டும். இது தோட்ட மக்களுக்கு மிகவும் முக்கியமானது. நம் குடியிருப்புகள் பலவற்றில் குழாய் நீர் மெதுவாகவே வருகிறது. வேகம் குறைந்தால் சில ஹீட்டர்கள் இயங்கவே மாட்டா. அத்தகைய இடங்களுக்கெனப் பம்பு இணைந்த ஹீட்டர்கள் உள்ளன. ஆகவே வாங்கும்போதே, "எங்கள் வீட்டில் தண்ணீர் வேகம் குறைவு, இதற்கு எது ஏற்றது?" என்று கேளுங்கள். கடைக்காரர் கூறும் பதிலை ரசீதில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அவருடைய சொல்லை நம்பி வாங்கிய பொருள் பொருந்தாமற் போனால், "உங்கள் தண்ணீர்தான் காரணம்" என்று அவர் கைவிரிக்க முடியாது.

மூன்றாவது, இந்த உறுதிகளுக்கு முதற்கண் பதில் கூற வேண்டியவர் நமக்குப் பொருளை விற்றவரே. கம்பெனி அளிக்கும் உத்தரவாதம் கூடுதலான உரிமை. அதனை நிறைவேற்றக் கம்பெனியும் கடமைப்பட்டது. ஆனால் அதனைக் காட்டிக் கடைக்காரர் விலகிக்கொள்ள இயலாது. "கம்பெனியிடம் கேளுங்கள்" என்பது நமக்கு வழி காட்டும் சொல்லாக இருக்கலாம். அவருடைய பொறுப்பைத் தீர்க்கும் சொல்லாகாது.

அப்படியாயின் நாம் எதைக் கோரலாம்? பழுது சரிசெய்யக் கூடியதாக இருந்தால், நியாயமான காலத்திற்குள் சரிசெய்து தருமாறு கோர வேண்டும். விற்றவர் பழுது பார்க்கலாம். அல்லது அதே வகையான வேறொன்றை மாற்றித் தரலாம். இரண்டும் இயலாதவிடத்துப் பணத்தைத் திருப்பித் தரலாம். அவர் மறுத்தாலோ, காலங்கடத்தினாலோ, நாம் வேறிடத்தில் பழுது பார்த்துச் செலவை அவரிடம் கேட்கலாம். அல்லது பொருளை மறுத்து ஒப்படைக்கலாம். குறை பெரியதாகவோ, பொருள் ஆபத்தானதாகவோ இருந்தால், பழுது பார்க்கும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே பொருளை மறுக்கலாம். அக்குறையால் நமக்கு நேருமென்று எதிர்பார்க்கத்தக்க நட்டத்தையும் சேர்த்துக் கேட்கலாம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைப் பல கடைகளில் கண்டிருப்பீர்கள். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திரும்பிச் சென்றால் கடைக்காரர் மறுக்கலாம். அது அவருடைய உரிமை. ஆனால் பழுதான பொருளுக்கு அப்பலகை பொருந்தாது.

உரிமையோடு கடமையும் உண்டு. மின்சாரமும் தண்ணீரும் ஒன்றாகச் சேரும் இடம் குளியலறை. ஆகவே சிரிம் முத்திரையுள்ள ஹீட்டரையே வாங்க வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்று, பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு பொருத்த வேண்டும். சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் செருகி ஓட்டுதல் கூடாது. ஹீட்டர் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லியம்பியர் ஆர்.சி.டி. கருவி இருத்தல் அவசியம். தண்ணீரைத் தொடும்போது சிறிது அதிர்ச்சி உணர்ந்தாலும், ஹீட்டரின் சுவிட்சை அணைத்து உபயோகத்தை நிறுத்திவிடுங்கள். கைதேர்ந்தவர் என்று நினைத்து எவரும் மூடியைத் திறக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்பதோடு, நம் கையால் கெட்ட பொருளை விற்றவர்மேல் சுமத்தவும் முடியாது. குறையைக் கண்டும் மாதக்கணக்கில் வாளாவிருந்தால் பொருளை மறுக்கும் உரிமை நழுவிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, கேட்டும் கொடாதவரிடம் என்ன செய்வது? அதற்காகவே அதே சட்டத்தின்கீழ்ப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் அமைக்கப்பட்டுள்ளது. மலாய் மொழியில் அது திரிபுனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா எனப்படும். முதலில் 10,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையே அது விசாரித்தது. 2003இல் அவ்வரம்பு 25,000 வெள்ளியாகவும், 2019இல் 50,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. மனுக் கட்டணம் 5 வெள்ளி மட்டுமே. முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பினர் 14 நாள்களுக்குள் தம் பதிலை அளிக்க வேண்டும். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

அங்கே பொதுவாக வழக்கறிஞர்கள் தோன்றுவதில்லை. கடை முதலாளியும் பால்மரம் வெட்டுபவரும் ஒரே மேசைக்கு எதிரில் அமர்ந்து தத்தம் செய்தியைக் கூறுவர். இருவரையும் இணங்கச் செய்யவே மன்றம் முதலில் முயலும். இணக்கம் ஏற்படாவிடில் தீர்ப்பளிக்கும். தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாமலிருப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.

மன்றத்தில் பேசுவது நம் வாய் மட்டுமன்று. நம் கையிலுள்ள தாள்களும் பேசும். ஆகையால் ரசீது, உத்தரவாத அட்டை, பெட்டியிலுள்ள விளக்கத்தாள் ஆகியவற்றை, பிறப்புப் பத்திரத்தை வைப்பதுபோல் பத்திரமாக வைத்திருங்கள். ரசீதின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும்; கைப்பேசியில் படமெடுத்துக் கொள்ளுங்கள். அட்டையில் கடை முத்திரையும் வாங்கிய நாளும் உண்டாவென்று கடையை விட்டு வெளியேறும் முன்பே பாருங்கள். பழுதான பொருளை ஒப்படைத்தால், பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு வாங்குங்கள். எந்த நாள் சென்றோம், யார் என்ன கூறினார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு, இன்ன நாளுக்குள் சரிசெய்து தர வேண்டுமென்று கடிதமொன்று எழுதி, அதன் நகலை வைத்துக் கொள்ளுங்கள். எழுதத் தயங்கும் பெற்றோருக்குப் படித்த பிள்ளைகள் துணை நிற்க வேண்டும்.

முன்னர்க் கூறிய நண்பரின் செய்தியை முடித்துவிடுவோம். இவ்விவரங்களை அறிந்தபின், அவருடைய மகள் கடைக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. 5 வெள்ளி கட்டி மனுச் செய்தார்கள். நல்வேளையாக ரசீது தாயாரின் தகரப் பெட்டியில் இருந்தது. விசாரணை நாளன்று கடைக்காரரும் வந்தார். அட்டையில் முத்திரையிட வேண்டியவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது அவரிடம் பதில் இல்லை. பணத்தைத் திருப்பித் தர அங்கேயே இசைந்தார். இரண்டு வாரத்திற்குள் தந்தும் விட்டார். இருவரும் கைகுலுக்கிப் பிரிந்ததாக அறிந்தோம்.

அந்நண்பர் நம்மிடம் கூறியது இதுதான்: "பணம் கிடைத்தது மகிழ்ச்சி. ஆனால் மூன்று முறை தலைகுனிந்து திரும்பியதை இப்போது நினைத்தால்தான் வருத்தமாயிருக்கிறது."

அன்பர்களே, நாம் கேட்பது இனாமன்று. விடியுமுன் எழுந்து, மழைக்கும் கொசுவுக்கும் இடையே உழைத்து ஈட்டிய பணத்திற்கு ஈடான பொருளையே கேட்கிறோம். நேர்மையான வணிகர் இதனைக் கேட்டு முகஞ்சுளிக்க மாட்டார். ஆகவே வீட்டுக்குச் சென்றதும், உங்களிடமுள்ள ரசீதுகளையும் அட்டைகளையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். இன்று இரவே அதனைச் செய்துவிட்டால், இவ்வுரை பயனளித்ததென்று மகிழ்வோம்.